மாப்பிள்ளை வீட்டுக் கேடட்

எங்கள் அப்பாவுக்கென்று ஒரு வாக்கியம் உண்டு: "நான் அப்பவே சொன்னேன்." பால் பொங்கி வழிந்தாலும், காயப்போட்ட துணி மழையில் நனைந்தாலும், மாவு மில்லில் பெல்ட் அறுந்தாலும் அப்பா முதல் வேலையாக இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்பார். பழங்காநத்தத்தில் வீட்டின் முன்பக்கத்தையே மில்லாக்கி வைத்திருந்ததால், மிளகாய் அரைக்க வருகிறவர்களும் அந்த வாக்கியத்துக்குத் தப்பியதில்லை. உண்மையில் அவர் அப்பவே சொல்லியிருந்தாரா என்பது வேறு விஷயம். பாதி நேரம் சொல்லியிருக்கவே மாட்டார்.

அப்பா கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை, தீபாவளிக்கு எங்களுக்கு எடுத்த பிறகுதான் தனக்கு வேட்டி எடுப்பார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் வரும்போதெல்லாம் அம்மா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.  கேட்பவர்களுக்கு அது ஒன்றுமில்லாத விஷயம். அன்றாடம் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, முக்கியமாக அக்காவுக்கு, அது அப்படியில்லை.

அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பேரையூர்ப் பக்கம் கரிசல் காடு உள்ள குடும்பம். மூத்த பையன்தான் மாப்பிள்ளை. சிம்மக்கல்லில் வத்தல், மல்லி மொத்தக் கடையை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். கூடவே இன்னொரு சேதியும் வந்தது. அவர்களுடைய இளைய பையனும் என்னைப் போலவே கல்லூரியில் என்.சி.சி. கேடட்டாம், பரேடு போகிறவனாம். நான் போகவிருந்த அதே முகாமுக்கு அவனும் வருகிறானாம்.

முகாம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசி அது. கோடை விடுமுறையில் நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியைக் காலி செய்து, பட்டாளத்து அதிகாரிகளைத் தயார் செய்கிற அகாடமி எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்ட ஒரு முகாம் நடத்தினார்கள். விடியலில் ஓட்டம், பிறகு பரேடு, மதிலேறுதல், கயிறேறுதல், மாலையில் ஆங்கிலத்தில் பேச்சு. முடிவில் மேஜர் ஒருவர், இன்னின்னார் அகாடமிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சிபாரிசு எழுதுவார். சிபாரிசு கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியது போல என்று பேசிக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். "பாத்து நடந்துக்க. அவுக மாப்பிள்ளை வீட்டு ஆளு. ஒரு மொகச்சுளிப்பு வரக் கூடாது. அக்கா வாழப்போற எடம்."

அக்கா அப்போது என் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மில்லுக்குள் போகும் வரை தலை நிமிரவில்லை. பிறகு இஸ்திரிப் பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்டா. அவுக கோவக்காரவுகளா இருந்தாப் பரவால்ல. கஞ்சப்பயலுகளா இருந்தாலும் சமாளிச்சுக்கிருவேன். சொல்லிக் காட்டுறவுகளான்னு மட்டும் பாத்துட்டு வா. நம்ம வீடு மாதிரி இன்னொரு வீட்டுல என்னால இருக்க முடியாது. அப்படின்னா இந்தச் சம்பந்தம் வேணாம்னு நானே அப்பாகிட்டச் சொல்லிருவேன்."

அக்கா அதுவரை என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. டியூஷனுக்குப் போகும் பையனிடம் கடையில் ஊசி வாங்கி வரச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் ஏற்கெனவே தேய்த்த காலரையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். சரிக்கா என்றேன். இரண்டு கட்டளைகளையும் ட்ரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முகாமில் பெயர் கிடையாது. மார்பில் கட்டிய துணியில் இருக்கும் நம்பர்தான் பெயர். மாப்பிள்ளையின் தம்பி பதினொன்று. பெண் பார்க்க வந்தபோது அவர் வரவில்லை என்றாலும் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு இருந்த அதே விடைத்த காது. அவரே வந்து பேசினார்.

"எங்கண்ணன் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எனக்குப் பரீட்சைங்க. எங்கம்மா ஒங்க வீட்டுக் கேசரியை எலையில மடிச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. முந்திரி நெறையப் போட்டிருந்தீக."

என்னைவிட ஒரு வயது இளையவர். ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஆயிற்றே. நானும் நீங்க, அவரும் நீங்க. முகாமில் மற்ற எல்லாரும் எல்லாருக்கும் மாப்ளதான். மேலூர்க்காரன் திருமங்கலத்துக்காரனை மாப்ள என்பான், அவன் உசிலம்பட்டிக்காரனை மாப்ள என்பான். நிஜமான மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த ஒருவரை மட்டும் அப்படிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உயரத்தைப் பார்த்து என்னை செக்ஷன் கமாண்டர் ஆக்கிவிட்டார்கள், அவர் என் செக்ஷனில் இருந்தார். அதாவது அவரை வேலை வாங்குவது என் வேலை. பெண் வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டுக்காரரை வேலை வாங்குவதா? எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் செம்பில் தண்ணீர் கொடுத்து, பாயை விரித்து, விசிறி எடுத்துக் கொடுத்துத்தான் பழக்கம். நானும் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

ஜன்னலோரக் கட்டிலை அவருக்கு ஒதுக்கினேன். கக்கூஸ் கழுவும் முறை அவருக்கு வந்தபோது நான் கழுவினேன். மரக்கட்டை தூக்கி ஓட வேண்டிய நாளில், "நீங்க அந்த வேப்பமரத்துக்கிட்ட நின்னு மணி பாருங்க" என்றேன். உருளைக்கிழங்கு உரிக்கக் கூட விடவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் "பரவால்லங்க, நானும் வாரேன்" என்பார். நான் "இருக்கட்டும் இருக்கட்டும்" என்பேன். கல்யாண வீட்டில் நடக்கிற அதே பேச்சு, காக்கி போட்டுக்கொண்டு நடந்தது.

பரேடில்தான் மானம் போயிற்று. மற்றவர்களைப் பார்த்து, "ஏய், கையை வீசு" என்று கத்துவேன். பார்வை பதினொன்றின் மேல் விழுந்ததும் குரல் தானாக இறங்கிவிடும். "கொஞ்சம் நேரா நிக்கிறீங்களா?" பரேடு சொல்லிக்கொடுத்த ஹவில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். காதைக் குடைந்தபடி வந்து என் முன்னால் நின்றார். "ஏம்ப்பா, நீ பரேடு எடுக்கறியா, பந்திக்குக் கூப்பிடறியா?"

மைதானமே சிரித்தது. பதினொன்று மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மரியாதை தெரிந்த ஆள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நாள் ஓடிக்கொண்டிருந்தது, அக்கா கேட்டதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. அவர் சப்பாத்தியைப் பருப்பில் ஊறவைத்துச் சாப்பிடுவார், தினமும் பூட்ஸைத் துடைப்பார், சினிமா பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வார். அம்புட்டுத்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. என்ன மனுஷன், ஒரு தப்பாவது செய்து, ஒரு சத்தமாவது போட்டுத் தொலைத்தால்தானே வீட்டுக் குணம் தெரியும்? விருந்தாளியாக உட்கார வைத்தவர் விருந்தாளி முகத்தைத்தான் காட்டுவார் என்கிற சின்ன விஷயம் என் மரமண்டைக்கு ஏறவில்லை.

முகாம் முடிய இரண்டொரு நாள் இருக்கும்போது, மதியம் தொட்டியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். அவர் தட்டையும் நான் வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"ஒங்களுக்கு நான் என்னங்க கெடுதல் செஞ்சேன்?"

எனக்குப் புரியவில்லை.

"மேஜர் தெனமும் எல்லாரையும் பத்தி ஏதாச்சும் எழுதுறாரு. என்கிட்ட வந்தா பேனாவை மூடிடுறாரு. எழுத என்ன இருக்கு? வேப்பமரத்தடியில நின்னான், தண்ணி குடிச்சான்னா எழுதுவாரு?" கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எங்க அய்யா, படிச்சது போதும், கடைக்கு வாடான்னு நிக்கிறாரு. சிபாரிசைக் காட்டித்தான் அவர்கிட்டப் பேசணும்னு இருந்தேன். நீங்க உக்கார வச்சே என்னைய ஒழிச்சுப்புட்டீக."

"அதில்லைங்க. எங்க அக்கா ஒங்க வீட்டுக்கு…"

"தெரியும். அதுக்கு நான் விருந்துக்கா வந்திருக்கேன்? எனக்கு வேலை குடுங்க." தட்டை அலசிக்கொண்டு போய்விட்டார்.

 மாப்பிள்ளை வீட்டில் மனஸ்தாபம் வந்துவிட்டது, அதுவும் மரியாதை செய்தே வந்துவிட்டது. ஆனாலும் ஓர் ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. கோபம் வருகிறது. வந்தால் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அக்காவிடம் சொல்ல இதுவாவது கிடைத்தது. ஆனால் அவள் கேட்டது கோபத்தைப் பற்றி இல்லையே.

கடைசி நாள் வீட்டுக்காரர்களை வேடிக்கை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். வேப்பமரத்து நிழலில் பெஞ்சு போட்டிருந்தது. எங்கள் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நிச்சயம் ஆகாமல் அக்கா வர முடியாது என்பதால் அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். எதிர்ப் பெஞ்சில் மாப்பிள்ளை, அவர்கள் அய்யா என்று கூப்பிடும் அப்பா, அம்மா. நடுவில் மேஜர், மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக.

பள்ளம் வெட்டித் தண்ணீர் விட்டுச் சேறாக்கி வைத்திருந்தார்கள். அதுதான் ஆறு. நடுவில் ஒரு மேடை போலக் கட்டை நட்டிருந்தது. ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு காலி டிரம். தலைவனாக வருகிறவன் இரண்டு பேரைக் கூட்டு சேர்த்துக்கொண்டு, சேற்றில் படாமல் டிரம்மை அக்கரை சேர்க்க வேண்டும். என் முறை வந்தது. மேலூர்க்காரன் ஒருவனைக் கூப்பிட்டேன். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "பதினொண்ணு" என்றேன். அவர் ஓடி வந்து நின்றார். அப்பா பெஞ்சிலிருந்து பாதி எழுந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

நடுக்கட்டை வரை எப்படியோ போய்விட்டோம். அங்கிருந்து அக்கரைக்குப் பலகை எட்டவில்லை. நானும் மேலூர்க்காரனும் இந்த முனையில் உட்கார்ந்து பாரம் கொடுக்க, பதினொன்று டிரம்மோடு அந்த முனைக்குப் போய்த் தாவிக் குதிக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன்.

"தூக்கிரும்ங்க," என்றார் அவர். "பலகையைக் கட்டையோட கயித்தால கட்டிக்கிட்டு அப்பறமாப் போவோம்."

"நேரம் இல்லை. போங்க."

"கட்டாம நிக்காதுங்க."

ஹவில்தார் விசிலை வாயில் வைத்தார். மேஜர் பேனாவைத் திறந்தார். இத்தனை நாள் அடக்கி வைத்த குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"சொன்னதைச் செய்டா."

 மாப்பிள்ளை வீட்டுப் பையனை, பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, டா போட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். டிரம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டு பலகையில் நடந்தார். முனைக்குப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் மேலே போனோம், அவர் டிரம்மோடு சேற்றுக்குள் போனார்.

எழுந்து நின்றபோது தலை, மீசை, காது எல்லாம் சேறு. வாயிலிருந்ததைத் துப்பினார். நான் கட்டையைக் கட்டிப் பிடித்தபடி காத்திருந்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்ட வாக்கியம். அதுவும் இந்தத் தடவை நியாயமாகவே சொல்லலாம், அவர் அப்பவே சொல்லத்தான் செய்தார்.

கண்ணை வழித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

கட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கயித்தால கட்டுவோம்."

"சரிங்க," என்று கயிற்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

விசில் ஊதி நேரம் முடிந்துவிட்டது. நாங்கள் நிறுத்தவில்லை, மேஜரும் நிறுத்தச் சொல்லவில்லை. பலகையைக் கட்டி, டிரம்மை அக்கரையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினோம்.

மாப்பிள்ளை கடைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து, தம்பியைக் குனிய வைத்துக் காதைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா அவர்களுடைய அம்மாவிடம் போய், "பய ஏதோ வேகத்துல சொல்லிப்புட்டான்" என்று கையைப் பிசைந்தாள். "சேறுதானே, எண்ணெய் தேச்சுக் குளிச்சாப் போயிரும்" என்றார் அந்த அம்மா. அய்யா மட்டும் வாய் திறக்கவில்லை. டீயைக் குடித்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நடந்துவிட்டார்.

 பழங்காநத்தத்தில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா ஆரம்பித்தார். "நான் அப்பவே சொன்னேன், பாத்து நடந்துக்கன்னு. அவுக பையனை டா போட்டுச் சேத்துல தள்ளிட்டு வந்து நிக்கிற." அம்மா நேராக அடுப்படிக்குப் போனாள்.

அது காதில் விழும் தூரத்தில், மில்லுக்குள் அக்கா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் சல்லடையை நிறுத்தாமலே கேட்டாள். "விழுந்து எந்திரிச்சதும் என்ன சொன்னாக?"

"இப்ப என்ன செய்யணும்னு கேட்டாரு."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் சொல்லலக்கா. கட்டணும்னு அவருதான் மொதல்லயே சொன்னாரு. நான்தான் கேக்கல."

"மூஞ்சியாச்சும் காட்டினாகளா?"

"மூஞ்சி எங்க தெரிஞ்சுச்சு? ஒரே சேறு."

அக்கா சிரித்துவிட்டாள். "அவுக அண்ணன்?"

"காதைக் கழுவிவிட்டாரு. ஏன்டா விழுந்தன்னு கேக்கல."

"அய்யா?"

"அவரைத்தான் தெரியலக்கா."

சல்லடையைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்து மாவைத் துடைத்தாள். "மூணுல ரெண்டு தேறிருச்சு. போதும்டா." அம்மாவிடம் போய்ச் சம்மதம் என்று சொல்லும்போது அவள் குரலில் வெட்கமும் இருந்தது, தெம்பும் இருந்தது. எனக்கு அன்று சிபாரிசு நினைப்பே இல்லை.

சிபாரிசு பதினொன்றுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. மேஜர் கை குலுக்கி, நீ ஹோட்டல் வைத்தால் அமோகமாக வருவாய் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். அதில் தப்பு இல்லை. நான் மில்லைப் பார்த்துக்கொண்டேன், இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை. அவர் அகாடமிக்குப் போய் அதிகாரியாகி, லீவில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் கேசரி கேட்பார். இப்போது எனக்கு அவர் வெறும் மாப்ளதான்.

ஆனியில் சொன்னபடி நிச்சயத்துக்கு வந்தார்கள். நான் ஒளிந்து ஒளிந்து தாம்பூலத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அய்யா சபையில் இருந்தபடியே கூப்பிட்டார். "எங்கடா ஒளியுற, வந்து உக்காரு இங்க." என் டாவை அவர் எனக்கே திருப்பிக் கொடுத்ததில் அப்பாவுக்குத்தான் மூச்சு வந்தது.

கல்யாணம் முடிந்து சில வருஷம் கழித்து, மாசிக் கடைசியில் நாங்கள் மூவரும் அக்கா வீட்டுக்குப் பேரையூர்ப் பக்கம் போயிருந்தோம். களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. காலையில் அப்பா வானத்தைப் பார்த்து, "மழை வரும் போலருக்கு, அள்ளிருங்க" என்றார். இந்த வெயிலுக்கு மழையா என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. வீடே களத்துக்கு ஓடியது. நனைந்த வத்தலுக்கு நடுவில் நின்றுகொண்டு அப்பா சொன்னார். "நான் அப்பவே சொன்னேன்."

வாழ்க்கையில் அபூர்வமாக அவர் நிஜமாகவே சொல்லியிருந்தார்.

அய்யா தார்ப்பாயைப் பிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. "ஆமா சம்பந்தி, சொன்னீக. இப்ப என்ன செய்வோம், சொல்லுங்க."

  அந்த வாக்கியத்துக்கு அடுத்ததாக ஒரு வாக்கியம் அப்பாவுக்குத் தேவைப்பட்டதே இல்லை. தார்ப்பாயையும் அய்யாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தார். "அந்தப் பக்கம் கல்லு வைங்க, காத்துல தூக்கிரும்" என்றார். அய்யா, "சரிங்க" என்று கல்லெடுக்கப் போனார்.

அக்கா கூடையும் கையுமாக நின்று என்னைப் பார்த்தாள். மூன்றாவதும் தேறிவிட்டது என்று அர்த்தம். நான் அம்மாவைத் தேடினேன். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, மழையில் நனைந்து வேலை செய்கிற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.